ஜோர்டான் போகணும்னு கேட்பவர்களுக்கு: சேலத்தில் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகள்

போன நவம்பரில் நாங்கள் ஒன்பது பேர் சேலத்திலிருந்து எட்டு நாள் ஜோர்டான் போய் வந்தோம். அன்றிலிருந்து கல்யாண மண்டபம், காலை நடை, கடைக் கல்லா என்று எங்கே நின்றாலும் யாராவது வந்து "ஏங்க, அந்தக் கல்லுல குடைஞ்ச ஊருக்குப் போனீங்களாமே" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். நான் டூர் ஏஜென்ட் இல்லை, செவ்வாப்பேட்டையில் மளிகை மொத்த வியாபாரம் பண்ணுகிறவன். ஒரே பதிலை நாற்பது தடவை சொன்ன அலுப்பில்தான் இதை எழுதி வைக்கிறேன். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன்.

பாலைவனம்னா துபாய்லயே பாத்துட்டமே, அதுக்கு எதுக்கு இன்னொரு நாடு?

துபாயில் பார்த்தது சாயங்காலம் ஜீப்பில் ஏற்றி, மணலில் நாலு குலுக்கு குலுக்கி, சாப்பாடு போட்டு, ஒன்பது மணிக்கு ஹோட்டலில் இறக்கிவிடுகிற பாலைவனம். அதைக் குறை சொல்லவில்லை, பசங்களுக்குப் பிடிக்கும். ஜோர்டானில் பாலைவனமும் பழைய ஊர்களும் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றன. தமிழ்நாட்டில் முக்கால் பங்குகூட வராத நாடு அது. வடக்கே ஜெராஷ் என்ற ரோமானிய நகரம், தெற்கே பாறையில் குடைந்த பெட்ரா, அங்கிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் வாடி ரம் பாலைவனம்.

பெட்ராவைக் குடைந்த நபடேயர்கள் வியாபாரிகள். அரேபியாவிலிருந்து சாம்பிராணி, வெள்ளைப்போளம், வாசனைப் பொருள் ஏற்றி வந்த ஒட்டக வரிசைகளின் பாதை அவர்கள் கையில் இருந்தது. தண்ணீர் கொடுத்து, காவல் கொடுத்து, அதற்குச் சுங்கம் வாங்கியே ஒரு நகரத்தை எழுப்பியிருக்கிறார்கள். கி.பி. 106-ல் ரோமாபுரி அதை எடுத்துக்கொண்டது. மளிகைக்கடைக்காரனுக்கு இதைவிட நெருக்கமான சரித்திரம் வேறெங்கே கிடைக்கும், சொல்லுங்கள்.

எத்தனை நாள் போதும்? அஞ்சு நாள்ல முடிச்சுக்கலாமா?

முடிக்கலாம், ஆனால் பஸ் ஜன்னலைத்தான் பார்த்துவிட்டு வருவீர்கள். எட்டு நாள் வையுங்கள். அதிலும் எதைக் குறைத்தாலும் பெட்ராவுக்கு இரண்டு முழு நாளையும் வாடி ரம்மில் ஒரு ராத்திரியையும் மட்டும் குறைக்காதீர்கள். என்னைக் கேட்டால் இந்தப் பக்கம் முழுவதிலும் உருப்படியான யோசனை இது ஒன்றுதான்.

நாங்கள் போன வழி இது: முதல் நாள் தலைநகர் அம்மானில் இறங்கி ஓய்வு. இரண்டாம் நாள் ஜெராஷ், திரும்பி வந்து அம்மான் கோட்டை மலை. மூன்றாம் நாள் மதாபா, நேபோ மலை பார்த்துவிட்டுத் தெற்கே இறங்கி, பெட்ராவை ஒட்டிய வாடி மூசா ஊரில் ராத்தங்கல். நாலும் ஐந்தும் பெட்ரா. ஆறாம் நாள் வாடி ரம். ஏழாம் நாள் அகபா வழியாகச் சாக்கடல். எட்டாம் நாள் கிளம்பல். ஜெராஷில் ஆர்ட்டெமிஸ் கோயில் தூண் ஒன்றின் அடியில் இருக்கும் இடுக்கில் வழிகாட்டி ஒரு ஸ்பூனைச் செருகிக் காட்டுவார். காற்றுக்குத் தூண் அசைய அசைய ஸ்பூன் ஏறி இறங்கும். அத்தனை பெரிய கல் தூண் ஆடுவதைக் கண்ணால் பார்த்துவிட்டு என் மச்சான் பத்தடி தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

எந்த மாசம் போறது? பாலைவனம்னா வெயில் கொளுத்துமே?

மார்ச் முதல் மே வரை, இல்லையென்றால் செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பர் வரை. வெயில் பயம் எல்லாருக்கும் இருக்கிறது, குளிரை யாரும் யோசிப்பதே இல்லை. அம்மானும் வாடி மூசாவும் மேட்டு நிலம். டிசம்பர், ஜனவரியில் அங்கே சில வருடம் பனிகூடக் கொட்டும். வாடி ரம்மில் குளிர்கால ராத்திரி பூஜ்யத்தை ஒட்டி இறங்கும். மார்கழியில் ஏற்காட்டில் போடுகிற ஸ்வெட்டர் நவம்பர் ராத்திரிக்கு எங்களுக்குச் சரியாக இருந்தது, அதற்கு மேல் குளிர் என்றால் ஜெர்கின் வேண்டும்.

ரம்ஜான் நோன்பு ஒவ்வொரு வருடமும் பத்துப் பதினோரு நாள் முன்னால் வரும், தேதி பார்த்துக்கொள்ளுங்கள். நோன்பு மாதத்தில் பகலில் ஹோட்டல் திறந்திருப்பது குறைவு. சாயங்காலம் ஊரே விழாக்கோலம், அது வேறு அழகு.

பாஸ்போர்ட்டே இல்லீங்க. விசா எப்படி?

பாஸ்போர்ட்டுக்குச் சேலத்திலேயே தபால் நிலைய சேவை மையம் இருக்கிறது, ஆன்லைனில் விண்ணப்பித்து நேரம் வாங்கிவிட்டுப் போனால் போதும். சாதாரண 36 பக்கப் புத்தகத்துக்குக் கட்டணம் 1,500 ரூபாய். ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் காலாவதித் தேதியைப் பாருங்கள், பயண நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதம் பாக்கி இருக்கவேண்டும். எங்கள் கூட்டத்தில் ஒருவருக்கு நாலு மாதம்தான் இருந்தது, கடைசி நேரத்தில் ஓடினோம்.

விசாவை நாங்கள் அம்மான் விமான நிலையத்தில் இறங்கியே வாங்கினோம். திரும்பி வரும் டிக்கெட், ஹோட்டல் முன்பதிவு இரண்டையும் அச்செடுத்துக் கையில் வைத்திருந்தோம். விசா விதிகள் மாறிக்கொண்டே இருக்கும், அதனால் டிக்கெட் போடுவதற்கு முன் டெல்லியில் உள்ள ஜோர்டான் தூதரகத்தின் அன்றைய விதியைப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

ஜோர்டான் பாஸ் ஜோர்டான் பாஸ்னு சொல்றாங்களே, அது என்ன? வாங்கணுமா?

விசாக் கட்டணத்தையும் நுழைவுச்சீட்டுகளையும் ஒன்றாகக் கட்டிய ஒரு பாஸ். ஆன்லைனில், ஊரைவிட்டுக் கிளம்பும் முன்பே வாங்கிவிட வேண்டும். அங்கே போய் வாங்கினால் விசாக் கட்டணம் தள்ளுபடி ஆகாது. குறைந்தது மூன்று ராத்திரி ஜோர்டானில் தங்கவேண்டும் என்பது நிபந்தனை. பெட்ரா ஒரு நாள் என்றால் 70 தினார், இரண்டு நாள் என்றால் 75, மூன்று நாள் என்றால் 80.

கல்லாக் கணக்கு போட்டுப் பார்ப்போம். விசா 40, பெட்ரா இரண்டு நாள் 55, ஜெராஷ் 10, வாடி ரம் 5, அம்மான் கோட்டை 3. தனித்தனியாகக் கட்டினால் 113 தினார். பாஸ் 75. ஒரு தினார் நூற்றிருபது ரூபாய்க்கு மேல் போகிறது, மிச்சத்தை நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். நேபோ மலைக்கும் மதாபா தேவாலயத்துக்கும் இந்தப் பாஸ் செல்லாது, அவற்றுக்குத் தனியே சின்னத் தொகை. விலை மாறியிருக்கலாம், வாங்குகிற அன்று ஒரு தடவை சரிபாருங்கள்.

சேலத்துல இருந்து எப்படிப் போறது?

பெங்களூரு அல்லது சென்னை, அங்கிருந்து ஏதாவது ஒரு வளைகுடா நகரம், அங்கிருந்து அம்மான். காமலாபுரத்திலிருந்தே பெங்களூருவுக்கும் சென்னைக்கும் விமானம் இருக்கிறது, ஆனால் நேரம் பொருந்துவது அபூர்வம். நாங்கள் வேன் பிடித்துப் பெங்களூரு போனோம். தொப்பூர் கணவாயில் லாரி ஒன்று குறுக்கே நின்றால் ஒரு மணி நேரம் போச்சு, ஓசூர் தாண்டியபின் நகரத்தைக் குறுக்கே கடந்து வடக்குக் கோடிக்குப் போகவேண்டும். விமானத்துக்கு ஒன்பது மணி நேரம் முன்னால் சேலத்தைவிட்டுக் கிளம்புங்கள். சிரிக்காதீர்கள், எங்களுக்கு ஏழரை மணி நேரம் ஆனது.

அங்கே கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் பின்னால் வைக்கவேண்டும். வெள்ளியும் சனியும் அரசு விடுமுறை, பேங்க் வேலை இருந்தால் அதற்கேற்ற மாதிரி.

தலைக்கு எவ்வளவு ஆச்சு? உண்மையச் சொல்லுங்க.

டிக்கெட், தங்கல், வண்டி, சாப்பாடு எல்லாம் சேர்த்து ஒன்றரைக்கும் இரண்டு லட்சத்துக்கும் நடுவில். பாதி விமானத்துக்குப் போனது. தாய்லாந்து, வியட்நாம் கணக்கை இங்கே போடாதீர்கள். தினார் டாலரோடு கட்டப்பட்ட நாணயம், ஒரு தினாருக்கு ஏறக்குறைய 1.41 டாலர். தண்ணீர் பாட்டில்கூட பெட்ராவுக்கு உள்ளே போகப் போக விலை ஏறும். வாடி மூசாக் கடையிலேயே வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

இந்திய ஏஜென்சியிடம் வெளிநாட்டுப் பேக்கேஜ் வாங்கினால் டி.சி.எஸ். என்று ஒரு வரி பிடிப்பார்கள். அது தொலைந்த காசு இல்லை. உங்கள் பான் எண்ணில் வரவாகும், வருமான வரி தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம், அதிகம் இருந்தால் திரும்ப வரும். ரசீதை மட்டும் கேட்டு வாங்கி வையுங்கள். விகிதம் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறுகிறது, ஆடிட்டரைக் கேளுங்கள்.

பேக்கேஜ்ல போறதா, நாமளே போட்டுக்கறதா?

அறுபது தாண்டியவர்கள், முதல்முறை வெளிநாடு போகிறவர்கள் என்றால் பேக்கேஜ் தப்பில்லை. பணம் கட்டும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "பெட்ரா உள்ளே எத்தனை மணிக்கு விடுவீங்க, எத்தனை மணிக்கு வெளியே கூப்பிடுவீங்க?" எங்களுக்கு முதலில் வந்த திட்டத்தில் அம்மானிலிருந்து காலையில் கிளம்பி, மூன்று மணி நேரம் பஸ்ஸில் போய், உள்ளே நாலு மணி நேரம், ராத்திரி வாடி ரம் என்று போட்டிருந்தது. அந்த நாலு மணியில் கஸ்னே என்கிற பெரிய குடைவரை முகப்பு வரை போய்ப் படம் எடுத்துத் திரும்பத்தான் முடியும். அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஓட்டுநரோடு ஒரு மினி பஸ்ஸை எட்டு நாளுக்குப் பேசிக்கொண்டோம். ஒன்பது பேர் பங்கு போட்டதால் கட்டுப்படியானது.

நாமளே கார் எடுத்து ஓட்டலாமா?

ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிவிட்டால் ஓட்டலாம். சாலை நன்றாக இருக்கும். ஆனால் அங்கே வலப்பக்கம் ஓட்டவேண்டும், ஸ்டியரிங் இடப்பக்கம். ஊருக்கு ஊர் அறிவிப்பே இல்லாத வேகத்தடைகள், நெடுஞ்சாலையில் வேகமாகப் போனால் பிடிக்கும் போலீஸ். வாடி ரம்மில் உங்கள் காரை ரம் கிராமத்திலேயே நிறுத்திவிட வேண்டும். அதற்குமேல் பெதுவின்கள் என்கிற பாலைவனப் பழங்குடிகளின் பிக்கப் வண்டிதான், பின்னால் பெஞ்சு போட்டிருப்பார்கள்.

சைவம்ங்க நாங்க. சோத்துக்கு என்ன வழி?

பயப்படவே வேண்டாம். ஃபலாஃபல் நம் மசால்வடைக்கு ஒன்றுவிட்ட தம்பி. ஹம்முஸ் என்கிற கொண்டைக்கடலை மசியல், சுட்ட கத்தரிக்காய் மசியல், ஃபூல் என்கிற ஒரு வகை அவரைக்கொட்டைக் கடைசல், சாத்தர் என்கிற மூலிகைப் பொடி தூவிய ரொட்டி, இதிலேயே காலையும் மதியமும் ஓடிவிடும். அம்மான் பழைய நகரத்தில் ஹாஷெம் என்ற பழைய கடையில் இவைதான் விற்பனையே, பிளாஸ்டிக் மேசையில் உட்கார்ந்து சாப்பிடலாம். மன்சஃப் என்பது ஆட்டுக்கறி, உலர்தயிர்க் குழம்பு, சோறு. அசைவக்காரர்கள் விடாதீர்கள்.

ஒரு விஷயம் மட்டும் முன்னாடியே சொல்லிவிடுங்கள். வாடி ரம் முகாமில் 'ஸர்ப்' என்று மண்ணுக்குள் குழிதோண்டிப் புதைத்து வேகவைப்பார்கள். மேல் தட்டில் கறி, கீழ்த்தட்டில் காய்கறி, கறிக் கொழுப்பு சொட்டும். சுத்த சைவம் என்றால் தனியாக வைக்கச் சொல்லவேண்டும், சொன்னால் வைக்கிறார்கள்.

ஊர்ல இருந்து என்ன எடுத்துட்டுப் போறது, எத எடுக்கக் கூடாது?

எடுக்கக் கூடாததை முதலில் சொல்கிறேன்: கசகசா. மூட்டை மூட்டையாக விற்கிற நானே சொல்கிறேன், ஐக்கிய அரபு அமீரகத்தில் அது போதைப்பொருள் கணக்கில் வருகிறது. வழியில் விமானம் மாறத்தானே போகிறோம் என்று நினைக்காதீர்கள். வீட்டில் அரைத்த குழம்புப் பொடியில் கசகசா போட்டிருந்தால் அதையும் வீட்டிலேயே வையுங்கள். மாத்திரைகளை டாக்டர் சீட்டோடு, அட்டையைக் கிழிக்காமல் எடுங்கள். டிரோன் வேண்டாம், அனுமதி இல்லாமல் கொண்டுபோனால் அம்மான் சுங்கத்தில் பிடித்து வைத்துவிடுவார்கள்.

எடுக்கவேண்டியது: பழகிய ஷூ, தொப்பி, காதை மூடும் மப்ளர், டார்ச். தோளும் முழங்காலும் மூடுகிற உடை ஆணுக்கும் பெண்ணுக்கும் வசதி, வெயிலுக்கும் நல்லது. தட்டுவடை ஒரு டப்பா எடுத்துப்போனோம். வாடி ரம்மில் எங்கள் வண்டியோட்டி, இருபது வயசுப் பையன், புகைக்கரி ஏறிய கெட்டிலில் சேஜ் இலை போட்டுச் சர்க்கரையைக் கொட்டி டீ காய்ச்சினான். அதோடு தட்டுவடையை நொறுக்கிச் சாப்பிட்டுவிட்டு டப்பாவைத் தன் பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டான். ரெண்டு டப்பா எடுத்துப் போங்கள்.

எனக்கு மூட்டு வலி. பெட்ரா நடக்க முடியுமா?

என் அக்காவுக்கு 64 வயது, இரண்டு முட்டியும் சரியில்லை. நடந்தார். வாசலிலிருந்து கஸ்னே வரை ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர், போகும்போது இறக்கம், வரும்போது ஏற்றம். முடியாதவர்களுக்குக் கட்டணம் கட்டி மின்சார வண்டி இருக்கிறது. கஸ்னேவைத் தாண்டி ராஜ கல்லறைகள், தூண் வீதி வரை சமதளம்தான். அதற்கப்பால் 'அல் தைர்' என்கிற மடாலயத்துக்கு 800-க்கு மேல் படி. கிளியூர் அருவிக்கு இறங்கி மூச்சு வாங்காமல் ஏறுகிறவர் என்றால் போகலாம். அக்கா அங்கே வரவில்லை, அடியில் டீக்கடையில் உட்கார்ந்துகொண்டார். போகும் முன் இரண்டு மாதம் தினமும் நடங்கள், வாரம் ஒரு தடவை கஞ்சமலை ஏறினால் இன்னும் நல்லது.

காலை ஆறு மணிக்குக் கதவு திறக்கும்போதே உள்ளே போங்கள். இரண்டு நாள் வேண்டும் என்று மேலே அடம்பிடித்ததற்கு இதுதான் காரணம். சிக் என்பது பாறை பிளந்த சந்து, 1.2 கிலோமீட்டர் நீளம், சில இடத்தில் இரண்டு பேர் கைகோத்தால் இரண்டு சுவரையும் தொட்டுவிடலாம். அந்த நேரத்தில் எங்கள் காலடிச் சத்தம் தவிர வேறு சத்தமில்லை. சுவரோடு இடுப்பு உயரத்தில் ஒரு வாய்க்கால் வெட்டியிருக்கிறார்கள். அக்கா அதற்குள் கையை விட்டுத் தடவிக்கொண்டே நடந்து, "இத்தனூண்டு வாய்க்கால்ல எங்கிருந்துடா தண்ணி வந்துது" என்றார். மலைக்கு மேலே ஊற்றிலிருந்து என்றேன். "வாட்டம் பாரு, ஒரு எடத்துல கூட நிக்காது" என்றார், மேட்டூர் கால்வாய்ப் பாசனத்தில் வாழ்க்கைப்பட்டவர். அப்புறம் சந்து சட்டென்று பிளந்து கஸ்னே தெரிந்தபோது அவர் ஒன்றும் சொல்லவில்லை. நாற்பது மீட்டர் உயரம், உச்சியில் ஒரு கல் கலசம், அதில் புதையல் இருக்கிறது என்று நம்பி பெதுவின்கள் சுட்ட குண்டுத் தழும்பு.

குதிரை சவாரி இலவசமாமே?

சீட்டில் சேர்ந்ததுதான், ஆனால் சிக் வாயில் வரைக்கும் மட்டும், அதுவும் முடிவில் டிப்ஸ் கேட்காமல் விடமாட்டார்கள். தொகையை ஏறும் முன்பே பேசுங்கள். படிகளில் கழுதை மேல் ஏறிப் போவதை நான் சொல்லமாட்டேன், அந்தப் படியில் அந்தப் பாரத்தோடு அது படும் பாட்டைப் பார்த்தால் நீங்களும் ஏறமாட்டீர்கள். அதேபோல, "மேலே நல்ல வியூ இருக்கு, நான் கூட்டிப்போறேன்" என்று கஸ்னே முன்னால் பையன்கள் கூப்பிட்டால் போகாதீர்கள். செங்குத்தான பாறை. அல் குப்தா பாதையில் முறையான படி இருக்கிறது, அங்கிருந்தே அதே காட்சி.

டென்ட்ல பாத்ரூம் இருக்குமா? ராத்திரி பாம்பு கீம்பு?

பெரும்பாலான முகாமில் இருக்கிறது, சிலவற்றில் பொதுக் கழிப்பறை. முன்பதிவின்போது கேளுங்கள். மின்சாரம் சோலார், ராத்திரி அணைந்துவிடும், போனை முன்னாலேயே சார்ஜ் போடுங்கள். பாம்பு எதுவும் நாங்கள் பார்க்கவில்லை, ஷூவை உதறிவிட்டுப் போடுங்கள், நம் தோட்டத்தில் செய்கிற மாதிரி. கண்ணாடிக் குமிழி டென்ட் என்று ஒன்று மூன்று மடங்கு விலைக்கு வைத்திருக்கிறார்கள். போர்வையை இழுத்துக்கொண்டு வெளியே மணலில் படுத்தால் அதே வானம் சும்மா கிடைக்கிறது. அமாவாசையை ஒட்டிப் போங்கள்.

சாக்கடல்ல நெசமாவே மிதக்கலாமா?

மிதக்கலாம், மூழ்குவதுதான் கஷ்டம். கடல் மட்டத்திலிருந்து 430 மீட்டருக்கு மேல் பள்ளத்தில் இருக்கிறது, சாதாரணக் கடலைப் போல ஏறக்குறைய பத்து மடங்கு உப்பு. இறங்குவதற்கு முந்தின நாள் ஷேவ் பண்ணாதீர்கள். கண்ணில் தண்ணீர் படாமல் மல்லாந்து படுங்கள். பத்து நிமிஷம் போதும்.

அப்படியே ஜெருசலேமும் சேத்துக்கலாமா?

ஏற்காட்டு நண்பர்கள், பள்ளி ஆசிரியர்கள் பலர் கேட்டது இது. வரைபடத்தில் பக்கம்தான். ஆனால் அது வேறு நாடு, வேறு விசா, எல்லையில் எத்தனை மணி நேரம் என்று யாரும் சொல்லமுடியாது. எட்டு நாளில் அதையும் திணித்தால் பெட்ராதான் அடிபடும். புனிதப் பயணமே நோக்கம் என்றால் அதைத் தனியாகப் போங்கள், அதற்குத் தமிழக அரசின் மானியத் திட்டமும் இருக்கிறது. ஜோர்டானிலேயே இயேசு ஞானஸ்நானம் பெற்ற இடமாகக் கருதப்படும் அல் மக்தாஸ், மோசே நின்று பார்த்த நேபோ மலை, மதாபா தேவாலயத் தரையில் ஆறாம் நூற்றாண்டு மொசைக் வரைபடம் மூன்றும் இருக்கின்றன. அந்த வரைபடத்தில் ஜெருசலேமும் இருக்கிறது.

அந்தப் பக்கம் எப்பவும் சண்டையாச்சே, தைரியமா போலாமா?

நாங்கள் இருந்த எட்டு நாளும் எந்தத் தொந்தரவும் இல்லை. ஆனால் அக்கம்பக்கம் புகைந்தால் வானம் மூடும். 2024 ஏப்ரலிலும் 2025 ஜூனிலும் ஜோர்டான் வான்வெளியைத் தற்காலிகமாக மூடினார்கள். அதனால் பணம் கட்டும் முன்பும், கிளம்புவதற்கு முந்தின வாரமும் வெளியுறவு அமைச்சகத்தின் அறிவிப்பைப் பாருங்கள். போகவேண்டாம் என்றால் போகாதீர்கள், பெட்ரா இரண்டாயிரம் வருடமாக அங்கேயேதான் இருக்கிறது. ஹோட்டலை ரத்து செய்யக்கூடிய வகையில் போடுங்கள். பயணக் காப்பீடு எடுங்கள், ஆனால் பெரும்பாலான பாலிசிகளில் போர் சேராது, சின்ன எழுத்தைப் படியுங்கள்.

சண்டையைவிட வெள்ளம்தான் அங்கே நேரடி ஆபத்து. மழை எங்கோ பெய்து, சிக் வழியாகச் சுவர்போல வரும். 1963-ல் பிரெஞ்சு யாத்திரிகர்கள் இருபதுக்கு மேல் பலியானார்கள். காவலர்கள் வெளியேறச் சொன்னால் படம் எடுத்துக்கொண்டு நிற்காதீர்கள்.

பழைய ரோமானியக் காசு விக்கறாங்களாமே, வாங்கலாமா?

அசல் என்றால் நாட்டைவிட்டுக் கொண்டுவருவது குற்றம், போலி என்றால் காசு வீண். எப்படிப் பார்த்தாலும் வாங்கக் கூடாது. என் மச்சான் ஜெராஷ் வாசலில் ஒரு சின்னப் பையனிடம் இரண்டு தினாருக்கு ஒன்று வாங்கினார், ராஜா தலை போட்டது, பச்சைக் களிம்போடு. சேலம் வந்து புளி போட்டுத் தேய்த்தார், களிம்போடு ராஜா தலையும் போய்விட்டது. இப்போது அது எங்கள் கடைக் கல்லாவில் கிடக்கிறது. புது கணக்குப்பிள்ளை ரெண்டு தடவை அதைச் சில்லறையோடு சேர்த்து எண்ணிவிட்டார்.